பதப்படுத்திய தொத்திறைச்சி: ஒரு பருவத்தில் செய்து ஆண்டு முழுவதும் உண்ட உணவின் வரலாறு

பதப்படுத்திய தொத்திறைச்சி என்பது நறுக்கிய இறைச்சியையும் கொழுப்பையும் உப்பு, மசாலாப் பொருள்களுடன் கலந்து, விலங்கின் குடலில் அடைத்து, உலர்த்தியோ புகையிட்டோ பல மாதங்கள் கெடாமல் வைத்திருக்கும் உணவாகும். இன்று கடைகளில் சாசேஜ் என்ற பெயரில் விற்கப்படுவனவற்றுள் பல, குளிர்பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் சமைத்து உண்ண வேண்டியவை. பதப்படுத்திய தொத்திறைச்சி அவற்றிலிருந்து வேறுபட்டது. இத்தாலியின் சலாமி, ஸ்பெயினின் சோரிசோ, தென்சீனத்தின் லாப் சோங், கோவாவின் சோரிஸ் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

இவ்வுணவு முதலில் சுவைக்காகத் தோன்றியதன்று. ஒரு பருவத்தில் மட்டும் கிடைத்த இறைச்சியை ஆண்டு முழுவதற்கும் நீட்டிக்க வேண்டும் என்ற தேவையே இதை உருவாக்கியது. அந்தத் தேவை மறைந்து நூறாண்டுகளுக்கு மேலான பின்னும் உணவு மறையவில்லை. அதன் நன்மையும் இடரும் இந்த மாற்றத்தோடு பிணைந்தவை.

பன்றி வெட்டும் பருவம்

பழைய ஐரோப்பியச் சிற்றூர்களில் பன்றி வளர்ப்பு ஆண்டுச் சுழற்சியை ஒட்டி நடந்தது. இலையுதிர் காலத்தில் பன்றிகளைக் காட்டுக்குள் ஓட்டிச் சென்று ஓக் மரத்தின் கொட்டைகளைத் தின்ன விடுவர். அவை கொழுத்த பின், குளிர் தொடங்கும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் வெட்டுவர். இடைக்கால ஓவியர்கள் வரைந்த மாதக் காட்சிகளில் நவம்பருக்குக் கொட்டை உதிர்த்தலும், டிசம்பருக்குப் பன்றி வெட்டுதலும் அடிக்கடி இடம்பெறுகின்றன. ஸ்பெயினில் நவம்பர் 11 அன்று வரும் புனித மார்ட்டின் திருநாள் இதற்குரிய நாளாகக் கருதப்பட்டது. ஒவ்வொரு பன்றிக்கும் அதன் மார்ட்டின் திருநாள் வந்தே தீரும் என்னும் பழமொழி அங்கே இன்றும் வழங்குகிறது. செய்தவன் ஒருநாள் அனுபவிப்பான் என்பது அதன் கருத்து.

இந்தப் பருவத்தைத் தேர்ந்தெடுக்க இரண்டு காரணங்கள் இருந்தன. பனிக்காலம் முழுவதும் விலங்குகளுக்குத் தீனி போட உழவரிடம் வசதி இல்லை என்பது ஒன்று. குளிரில் இறைச்சி விரைவில் அழுகாது என்பது மற்றொன்று. ஆனால் வெட்டிய பன்றி முழுவதையும் ஒரு குடும்பம் சில நாட்களில் உண்டுவிட முடியாது. தொடைகளை உப்பிட்டு ஹாம் ஆக்கினர். கொழுப்பை உருக்கிச் சேமித்தனர். இரத்தத்தையும் ஈரலையும் முதலில் பயன்படுத்தினர். எஞ்சிய துண்டு துணுக்குகளைக் கொத்தி, உப்பிட்டு, அதே விலங்கின் குடலில் அடைத்துத் தொங்கவிட்டனர். உறையும் அதே பன்றியிடமிருந்து கிடைத்தது. எதையும் வீணாக்காத சிக்கனமே தொத்திறைச்சியின் தொடக்கம்.

உரோமரின் லுக்கானிக்கா

குடலிலோ இரைப்பையிலோ இறைச்சியை அடைக்கும் வழக்கம் மிகப் பழமையானது. கொழுப்பும் இரத்தமும் அடைத்து நெருப்பில் வாட்டிய இரைப்பையைப் பற்றிய குறிப்பு ஹோமரின் ஒடிசியில் உள்ளது. எனினும், நீண்ட நாள் வைத்திருக்கும் தொத்திறைச்சிக்குத் தெளிவான சான்றுகள் உரோமரிடமிருந்தே கிடைக்கின்றன.

உரோமர் அதை லுக்கானிக்கா என்றனர். தென்னித்தாலியில் உள்ள லுக்கானியா பகுதி மக்களிடமிருந்து உரோமப் படைவீரர்கள் இதைக் கற்றதாக கி.மு. முதல் நூற்றாண்டு அறிஞர் வர்ரோ கூறுகிறார். அப்பிசியஸ் பெயரில் வழங்கும் சமையல் நூலில் இதன் செய்முறை உள்ளது. மிளகு, சீரகம், மணமூட்டும் இலைகள், மீனை உப்பிட்டு நொதிக்கவைத்து எடுத்த சாறு, பைன் கொட்டை, கொழுப்பு ஆகியவற்றை இடித்த இறைச்சியுடன் கலந்து, குடலில் மெல்லியதாக அடைத்துப் புகையில் தொங்கவிட வேண்டும் என்கிறது அந்நூல். போர்த்துக்கலின் லிங்குவிசா, கிரேக்கத்தின் லுக்கானிக்கோ ஆகிய பெயர்கள் இன்றும் அந்தப் பழைய பெயரை நினைவூட்டுகின்றன.

இதில் சேர்ந்த மிளகு தமிழ்நிலத்தோடு தொடர்புடையது. சேர நாட்டு முசிறித் துறைமுகத்துக்குப் பொன்னோடு வந்த யவனர் மரக்கலங்கள் மிளகோடு திரும்பியதை அகநானூறு குறிப்பிடுகிறது. உரோமரின் சமையலறையை அடைந்த மிளகில் பெரும்பகுதி இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து சென்றதே.

கெடாமல் இருப்பது எப்படி

பச்சை இறைச்சியை அழுகச் செய்வன நுண்ணுயிர்கள். அவை வளர ஈரமும் வெப்பமும் தேவை. பதப்படுத்தல் என்பது அவற்றின் வழியில் ஒன்றன்பின் ஒன்றாகத் தடைகளை வைப்பதாகும்.

முதல் தடை உப்பு. உலர் தொத்திறைச்சிக்குப் பொதுவாக ஒரு கிலோ இறைச்சிக்கு 25 முதல் 30 கிராம் உப்பு சேர்க்கப்படுகிறது. உப்பு, நீரைத் தன்பால் பிணைத்துக்கொள்வதால் நுண்ணுயிர்களுக்குக் கிடைக்கும் ஈரம் குறைகிறது.

இரண்டாவது தடை புளிப்பு. தயிரைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களின் இனத்தவை உப்பைத் தாங்கி வளரக்கூடியவை. இறைச்சியில் உள்ள சிறிதளவு சர்க்கரையை அவை அமிலமாக மாற்றுகின்றன. சலாமியின் இலேசான புளிப்பு இதனால் உண்டாகிறது. தீங்கு செய்யும் பல நுண்ணுயிர்கள் இந்தப் புளிப்பில் வளர இயலாது.

மூன்றாவது தடை உலர்தல். வாரக்கணக்கில் தொங்கும்போது தொத்திறைச்சி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழக்கிறது. உலர்தல் மெதுவாக நடக்க வேண்டும். வெளிப்புறம் விரைவில் காய்ந்து இறுகிவிட்டால் உள்ளே உள்ள ஈரம் வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொண்டு அழுகல் தொடங்கும். ஆகவே, மிதமான ஈரமுள்ள குளிர்காற்றே இதற்கு ஏற்றது.

புகை நான்காவது தடை. மரப்புகையில் உள்ள சில வேதிப்பொருள்கள் வெளிப்பரப்பில் நுண்ணுயிர் வளர்வதையும், கொழுப்பு சிக்கு வாடை அடிப்பதையும் தடுக்கின்றன.

ஹாமைவிடத் தொத்திறைச்சிக்கு இத்தடைகள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன. முழுத் தொடையில் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் வெளிப்புறத்தில்தான் இருக்கும். இறைச்சியைக் கொத்தும்போது அவை உட்பகுதி முழுவதும் பரவிவிடுகின்றன.

இந்த அறிவியலைப் பழைய குடியானவர்கள் அறிந்திருக்கவில்லை. எந்த மாதத்தில் வெட்டுவது, எவ்வளவு உப்பு, எந்த அறையில் எத்தனை நாள் தொங்கவிடுவது என்பவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கமாகக் கற்றிருந்தனர்.

ஊருக்கொரு பருவம்

பருவத்துக்கும் தொத்திறைச்சிக்கும் உள்ள உறவு பல நாடுகளில் தெளிவாகக் காணப்படுகிறது. ஸ்பெயினில் சோரிசோவின் சிவப்பு நிறத்துக்குக் காரணம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மிளகாயின் தூள். கொலம்பசின் பயணத்துக்கு முன் செய்யப்பட்ட தொத்திறைச்சிகளில் அந்தச் சிவப்பு இருந்திருக்க முடியாது.

ஹங்கேரியின் செகெட் நகரில் 1869ஆம் ஆண்டு மார்க் பிக் தொடங்கிய நிறுவனம் புகழ்பெற்ற சலாமியைச் செய்தது. அதன் பெயரே குளிர்கால சலாமி. டிசா ஆற்றங்கரையின் குளிர்காலக் காற்றில் மட்டுமே அது முன்பு செய்யப்பட்டது. அதன் மேல் படரும் வெண்ணிறப் பூஞ்சணம் கெட்டுப்போனதன் அடையாளம் அன்று. உலர்தலைச் சீராக்க உதவுவது.

தென்சீனத்தில் லாப் சோங் செய்யும் காலம் சீன நாட்காட்டியின் பன்னிரண்டாம் மாதம். லாப் என்பது அம்மாதத்தின் பெயர். அப்போது வீசும் உலர்ந்த குளிர்காற்றில், சர்க்கரையும் சோயா சாறும் அரிசி மதுவும் சேர்த்த தொத்திறைச்சியைக் காயவைப்பர். மலேசியா, சிங்கப்பூர் கடைத்தெருக்களில் சீனப் புத்தாண்டையொட்டி இவை கொத்துக் கொத்தாகத் தொங்குவதைக் காணலாம்.

கோவாவில் கணக்கு தலைகீழானது. அங்கே அஞ்ச வேண்டிய பருவம் பனிக்காலம் அன்று, மழைக்காலம். மழை மாதங்களில் கடலில் மீன்பிடிப்பு நின்றுவிடும். ஆதலால் கோடை வெயில் இருக்கும்போதே அரிசி, மிளகாய், புளி, கருவாடு முதலியவற்றைச் சேமித்து வைப்பர். இச்சேமிப்புக்குக் கொங்கணியில் புருமென்த் என்று பெயர். போர்த்துக்கீசியரிடமிருந்து கற்ற தொத்திறைச்சியில் கோவா மக்கள் வினிகரையும் மிளகாயையும் மிகுதியாகச் சேர்த்து, சிறுசிறு உருண்டைகளாகக் கட்டி வெயிலில் உலர்த்தினர். வெப்ப நாட்டில் குளிர்காற்று செய்ய வேண்டிய வேலையின் ஒரு பகுதியை வினிகரின் புளிப்பு செய்தது.

தமிழ்நாட்டில் தொத்திறைச்சி மரபு இல்லை. ஆனால், ஆட்டிறைச்சியை உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைக்கும் உப்புக்கண்டம் இதே தேவையிலிருந்து பிறந்ததாகும்.

வுர்ட்டம்பர்க்கின் நஞ்சு

கைப்பழக்கம் தவறினால் என்ன நேரும் என்பதைத் தென்மேற்கு ஜெர்மனியின் வுர்ட்டம்பர்க் பகுதி காட்டியது. 1793ஆம் ஆண்டு வில்ட்பாட் என்னும் ஊரில் ஒரே உணவை உண்ட 13 பேர் நோயுற்றனர். அவர்களுள் 6 பேர் இறந்தனர். அவர்கள் உண்டது பன்றியின் இரைப்பையில் இரத்தமும் இறைச்சியும் அடைத்துப் புகையிட்ட தொத்திறைச்சி.

அதையடுத்த ஆண்டுகளில் இத்தகைய இறப்புகள் பெருகின. நெப்போலியன் காலப் போர்களால் நாட்டுப்புறத்தில் வறுமை சூழ்ந்து, உணவு தயாரிப்பில் தூய்மை குறைந்திருந்தது. உறை வெடித்து உள்ளிருப்பது வீணாகிவிடக் கூடாது என்பதற்காகத் தொத்திறைச்சியை முழுமையாகக் கொதிக்கவிடாத வழக்கமும் இருந்தது. சிக்கனத்துக்காகச் செய்த அச்செயல் உயிரைப் பறித்தது. புகையிட்ட இரத்தத் தொத்திறைச்சியின் தீங்கு குறித்து 1802ஆம் ஆண்டு ஸ்டுட்கார்ட்டில் இருந்த அரசு எச்சரிக்கை வெளியிட்டது.

இதன் காரணத்தை ஆராய முற்பட்டவர் யுஸ்டினுஸ் கெர்னர் என்னும் ஊர் மருத்துவர். இவர் புகழ்பெற்ற கவிஞரும் ஆவார். 1817ஆம் ஆண்டு முதல் இதைப் பற்றி எழுதத் தொடங்கிய அவர், 1820இல் வெளியிட்ட நூலில் 76 நோயாளிகளையும், 1822இல் வெளியிட்ட நூலில் 155 நோயாளிகளையும் பற்றிய விவரங்களைத் தொகுத்தார். வாய் உலர்தல், பார்வை இரட்டையாகத் தெரிதல், இமை தொங்குதல், விழுங்க இயலாமை, இறுதியில் மூச்சுத் தசைகள் செயலிழத்தல் என நோயின் போக்கை அவர் படிப்படியாக விவரித்தார். இவ்வளவுக்கும் நோயாளியின் நினைவு தெளிவாகவே இருந்தது.

கெட்ட தொத்திறைச்சியிலிருந்து பிரித்தெடுத்த பொருளைக் கெர்னர் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதன் சில துளிகளைத் தம் நாவிலும் இட்டுச் சோதித்தார். காற்றுப் புகாத நிலையில் இந்த நஞ்சு உருவாகிறது, நரம்புகள் தசைகளுக்கு அனுப்பும் செய்தியை இது தடுக்கிறது, மிகச் சிறிய அளவே கொல்லப் போதுமானது என்பன அவருடைய முடிவுகள். நுண்ணுயிர்க் கோட்பாடு தோன்றாத காலத்தில் கண்ட முடிவுகள் இவை. இந்த நஞ்சைக் குறைந்த அளவில் மருந்தாகப் பயன்படுத்தலாம் என்றும் அவர் கருதினார். 1989ஆம் ஆண்டு அமெரிக்காவில் இதே நஞ்சு மாறுகண் முதலிய குறைகளுக்கு மருந்தாக ஏற்கப்பட்டது. போடாக்ஸ் என்று அறியப்படுவது அதுவே.

தொத்திறைச்சியைக் குறிக்கும் இலத்தீன் சொல் போட்டுலஸ். அதிலிருந்து இந்நோய்க்குப் போட்டுலிசம் என்ற பெயர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏற்பட்டது. பைசாந்தியப் பேரரசர் ஆறாம் லியோ (ஆட்சி 886–912) இரத்தம் சேர்ந்த உணவைத் தடை செய்ததை இந்நோயோடு இணைத்துப் பல நூல்கள் கூறுகின்றன. ஆனால் அச்சட்டம் கூறும் காரணம் சமயம் சார்ந்தது. பிற்கால அறிவைப் பழைய சட்டத்தின்மேல் ஏற்றிப் படித்ததால் எழுந்த கருத்தாகவே இதைக் கொள்ள வேண்டும்.

நோய்க்கிருமி கண்டறியப்படுதல்

1895ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பெல்ஜியத்தின் எல்செல் என்னும் சிற்றூரில் ஒரு சாவு வீட்டில் இசைத்த இசைக்குழுவினருக்கு ஹாம் பரிமாறப்பட்டது. அதை உண்ட 34 பேரில் மூவர் இறந்தனர். கென்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எமில் வான் எர்மெங்கெம், அந்த ஹாமிலிருந்தும் இறந்தவரின் உடலிலிருந்தும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். பின்னாளில் அது கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் எனப் பெயர் பெற்றது.

இந்த நோய் உடலுக்குள் கிருமி பெருகுவதால் வருவதன்று, உணவில் கிருமி முன்பே உண்டாக்கிவிட்ட நஞ்சால் வருவது என்று அவர் விளக்கினார். போதுமான உப்பு இருந்தால் நஞ்சு உருவாகாது. வெப்பம் நஞ்சை அழித்துவிடும். கிருமியின் வித்துகள் கொதிநீரையும் தாங்கக்கூடியவை. ஆனால் நஞ்சு 85 பாகை செல்சியசில் ஐந்து நிமிடங்கள் சூடாக்கினால் அழிந்துவிடும். குடியானவர்களின் பழைய வழக்கங்களுக்குப் பின்னால் இருந்த காரணம் இப்போது எழுத்தில் வந்தது.

வெடியுப்பும் நைத்திரைட்டும்

சில உப்புகளைச் சேர்த்தால் இறைச்சி சாம்பல் நிறமாகாமல் சிவந்தே இருப்பதை ஐரோப்பியர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அந்த உப்பு வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைத்திரேட்டு. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவுக்குச் சென்ற வெடியுப்பில் கணிசமான பகுதி, கிழக்கிந்திய நிறுவனங்கள் பீகாரிலிருந்து ஏற்றிச் சென்றதாகும். அதில் பெரும்பங்கு வெடிமருந்துக்குப் போனது. இறைச்சிக்குச் சேர்ந்தது சிறு பங்கே.

வெடியுப்பு நேரடியாக வேலை செய்வதில்லை என்பதை 1891ஆம் ஆண்டு ஜெர்மானிய வேதியியலர் போலென்ஸ்கே காட்டினார். இறைச்சியில் உள்ள பாக்டீரியாக்கள் அதை நைத்திரைட்டாக மாற்றுகின்றன. சிவப்பு நிறம் உருவாகும் முறையை 1901இல் பிரித்தானிய அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் விளக்கினார். நைத்திரைட்டு நிறத்தைக் காப்பதோடு, போட்டுலிசக் கிருமி வளர்வதையும் தடுப்பது பின்னர் தெளிவாயிற்று.

நைத்திரைட்டை நேரடியாகச் சேர்ப்பதில் ஓர் ஆபத்து இருந்தது. அளவு மிகுந்தால் அதுவே நஞ்சு. அமெரிக்கா 1925ஆம் ஆண்டு கட்டுப்பாட்டுடன் அதற்கு அனுமதி அளித்தது. ஜெர்மனி 1934இல் சட்டமியற்றி, சமையல் உப்பில் மிகச் சிறு விழுக்காடு நைத்திரைட்டை முன்கூட்டியே கலந்து விற்கச் செய்தது. யாராவது கை தவறி அதிகம் போட்டால் உணவு உப்புக் கரித்து உண்ண முடியாததாகிவிடும். கைத்தவறு உயிரிழப்பில் முடியாமல் இருக்க இது எளிய வழியாக அமைந்தது.

பருவம் மறைதல்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இறைச்சித் தொழிலும் குளிர்காலத் தொழிலாகவே இருந்தது. பன்றி வெட்டுதலுக்குப் பேர்போன அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தில் குளிர்கால மாதங்களில்தான் வேலை மும்முரமாக நடந்தது. ஏரிகளில் வெட்டியெடுத்த பனிக்கட்டியைச் சேமித்துச் சிகாகோவின் ஆலைகள் கோடையிலும் இயங்கத் தொடங்கின. 1870களில் ஜெர்மானியப் பொறியாளர் கார்ல் வான் லிண்டே உருவாக்கிய குளிரூட்டும் இயந்திரங்கள் முதலில் மதுவடிப்பு ஆலைகளிலும் பின்னர் இறைச்சித் தொழிலிலும் இடம்பெற்றன.

இதன்பின் எந்த மாதத்திலும் பன்றியை வெட்டலாம், எந்த மாதத்திலும் சலாமி செய்யலாம் என்றாயிற்று. குளிர்காற்றும் ஈரமும் அறைக்குள் இயந்திரத்தால் அளந்து தரப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் நடுவில், தயிருக்கு உறை ஊற்றுவதுபோலத் தேர்ந்தெடுத்த பாக்டீரியாக்களை இறைச்சியில் சேர்க்கும் முறையும் வந்தது.

இந்த மாற்றத்தில் ஒரு முரண் உள்ளது. ஆண்டு முழுவதும் இறைச்சி கிடைக்க வேண்டும் என்பதற்காகவே தொத்திறைச்சி தோன்றியது. குளிரூட்டல் வந்தபின் புதிய இறைச்சியே ஆண்டு முழுவதும் கிடைத்தது. ஆகவே தொத்திறைச்சிக்குத் தேவை இல்லாமற் போயிருக்க வேண்டும். ஆனால் உப்பும் புளிப்பும் புகையும் சேர்ந்து உருவாக்கிய சுவைக்கு மக்கள் பழகிவிட்டனர். ஒரு பன்றியின் இறைச்சியை அடுத்த குளிர்காலம் வரை அளந்து உண்ட குடும்பங்களின் வழித்தோன்றல்கள், அதே உணவை நாள்தோறும் வாங்கி உண்ணும் நிலை உருவானது.

உடல்நலமும் இன்றைய விவாதமும்

நைத்திரைட்டு, புரதச் சிதைவுப் பொருள்களுடன் சேரும்போது நைத்திரோசமைன்கள் என்னும் சேர்மங்கள் உருவாகக்கூடும். அவற்றுள் ஒன்று எலிகளுக்குக் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்குவதை 1956ஆம் ஆண்டு பிரித்தானிய ஆய்வாளர்கள் மகீ, பார்ன்ஸ் ஆகியோர் காட்டினர். 2015ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. நாள்தோறும் உண்ணும் ஒவ்வொரு 50 கிராமுக்கும் பெருங்குடல் புற்றுநோய் இடர் ஏறத்தாழ 18 விழுக்காடு கூடுகிறது என்பது அதன் மதிப்பீடு.

இவ்விரண்டையும் மாணவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். புகையிலையும் அதே முதல் தொகுதியில் உள்ளது. அதனால் இரண்டும் ஒரே அளவு ஆபத்தானவை என்று பொருளாகாது. சான்றுகள் எவ்வளவு உறுதியானவை என்பதையே தொகுதி காட்டுகிறது. ஆபத்தின் அளவை அன்று. 18 விழுக்காடு என்பதும் ஏற்கெனவே உள்ள இடரின்மேல் கூடும் பங்கு. நூற்றில் பதினெட்டுப் பேருக்கு நோய் வரும் என்பதன்று.

இத்தாலியின் பார்மா ஹாம் நைத்திரைட்டு இன்றிக் கடலுப்பை மட்டும் கொண்டு, நீண்ட காலம் முதிரவைத்துச் செய்யப்படுகிறது. ஆனால் கொத்திய இறைச்சிக்கு அம்முறையை அப்படியே கையாள்வது எளிதன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டு இயற்றிய விதியின் மூலம் நைத்திரைட்டின் உச்ச அளவுகளைக் குறைத்தது. முற்றிலும் நீக்கவில்லை. முற்றிலும் நீக்கினால் வில்ட்பாட்டில் கண்ட பழைய ஆபத்து திரும்பக்கூடும் என்ற அச்சமே அதற்குக் காரணம்.

பதப்படுத்திய தொத்திறைச்சியைச் செய்த பழைய குடும்பங்கள் அதைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் பயறு, முட்டைக்கோசு, ரொட்டி ஆகியவற்றோடு சேர்த்து, ஒரு பானை உணவுக்குச் சுவையூட்டப் பயன்படுத்தின. அடுத்த குளிர்காலம் வரை அது நீடிக்க வேண்டியிருந்ததால் அளவு தானாகவே கட்டுப்பட்டது. குளிர்பெட்டி அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டது. இன்று அந்த அளவை முடிவு செய்வது பருவம் அன்று, உண்பவரே.